‘ஃபாரென்’: ஒரு ஜேர்மன் வினைச்சொல்லின் பொருள் வரலாறு

ஜேர்மன் மொழியைக் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, ‘போதல்’ என்னும் பொதுக் கருத்தை உணர்த்த அம்மொழியில் ஒரேயொரு வினை போதாமையாகும். காலால் நடந்து செல்வோன் ‘கேயென்’ என்னும் வினையைக் கையாளல் வேண்டும். வண்டி, புகையிரதம், கப்பல் முதலான ஊர்தியொன்றினாற் செல்வோன் ‘ஃபாரென்’ என்னும் வினையைக் கையாளல் வேண்டும். பேர்லினிலிருந்து மியூனிச்சுக்குப் பயணஞ் செய்ய எண்ணுபவன் ‘கேயென்’ என்பதை ஆள்வானாயின், ஒன்றில் அவன் அந்நகரிற் குடியேறப் போகின்றான் என்றோ, அன்றேல் ஏறத்தாழ அறுநூறு கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகக் கடக்கத் துணிந்துவிட்டான் என்றோ கேட்போர் கருதுவர்.

இவ்வேறுபாடு இன்று அம்மொழியின் இயல்பான அமைதி போலத் தோன்றினும் மிகப் பழமையானதன்று. ‘ஃபாரென்’ என்னும் வினை பன்னூறு ஆண்டுகளாக எவ்வகைப் பெயர்ச்சியையும், நடத்தல் உட்பட, குறித்து நின்றதாகும். அது ஊர்தியோடு பிணைக்கப்பட்டமை பிற்கால நிகழ்ச்சி. இப்பொருட் சுருக்கம் மொழியியலாளர் மாத்திரம் கவனிக்கவேண்டிய ஒன்றன்று. இவ்வினையினின்றும் பிறந்த சொற்களுள் ஒன்று மெய்யியலாளர் போற்றும் ‘அனுபவம்’ என்னும் கருத்தின் பெயராயிற்று. பிறிதொன்று பொலிசார் தம் பதிவேடுகளில் எழுதிய குற்றப் பெயராயிற்று. ஒரே வினை இவ்விரு பிள்ளைகளையும் எவ்வாறு ஈன்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

‘ஃபாரென்’ என்பதன் பழைய உயர் ஜேர்மன் வடிவம் ‘ஃபரன்’ என்பதாகும். பழைய ஆங்கிலத்திலும் பழைய சாக்சனிலும் இவ்வடிவமே காணப்படுகின்றது. நான்காம் நூற்றாண்டிலே வுல்ஃபிலா என்னும் ஆயர் கோதிக் மொழியிற் செய்த விவிலிய மொழிபெயர்ப்பில், வீடுவிட்டு வீடு செல்லுதலைக் குறிக்க ‘ஃபரன்’ என்பதும், படகிற் செல்லுதலைக் குறிக்க அதன் உறவுச் சொல்லான ‘ஃபர்யன்’ என்பதும் ஆளப்பட்டுள்ளன. ஜேர்மானிய மொழிகளிற் சொல்லின் முதலில் நிற்கும் ‘ஃப’ ஒலி இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘ப’ ஒலியினின்றும் திரிந்தது என்பதை டேனிய அறிஞரான ராஸ்முஸ் ராஸ்க் 1818இலும் யாக்கோப் கிறிம் 1822இலும் எடுத்துக்காட்டினர். அவ்விதியைப் பற்றிப் பின்னோக்கிச் செல்லுமிடத்து ‘பெர்’ என்னும் வேர் பெறப்படும். ‘ஊடறுத்துச் செல்’, ‘மறுபுறம் கட’ என்பன அவ்வேரின் பொருளாக அறிஞராற் கொள்ளப்படுகின்றன. கிறிம் சகோதரர் தொடங்கிய பேரகராதியில் ‘ஃபாரென்’ அடங்கிய மூன்றாந் தொகுதி 1862இல் நிறைவெய்தியது. அப்பகுதி யாக்கோபின் கைவண்ணமேயாகும். அடுத்த ஆண்டிலேயே, ‘ஃப’ ஒலியில் தொடங்கும் சொற்கள் முடிவடையுமுன்னர், அவர் காலமானார். அவ்வகராதி முற்றுப்பெற 1961 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

‘பெர்’ என்னும் வேரின் கிளைகள் தமிழறிந்தோர்க்கும் முற்றிலும் அந்நியமானவையல்ல. வடமொழியில் ‘பார’ என்பது நீர்நிலையின் மறுகரையைக் குறிப்பது. (சுமை எனப் பொருள்படும் பாரம் வேறு சொல்.) மறுகரை இல்லாதது ‘அபாரம்’, ஒரு நூலின் மறுகரை வரை சென்று சேருதல் ‘பாராயணம்’. இவ்விரண்டும் தமிழில் நெடுங்காலமாக வழங்குவன. எனவே கோயிலிலே பாராயணஞ் செய்வோரும் பேர்லினிற் பேருந்து செலுத்துவோரும் வேரளவில் ஒரே செயலையே செய்கின்றனர் எனல் வேடிக்கையான, ஆயினும் பிழையற்ற, கூற்றாகும். கிரேக்கத்தில் இவ்வேர் ‘போரொஸ்’ என நின்று கடவையையும் வழியையும் குறித்தது. வழியற்றுத் திகைத்து நிற்கும் நிலைக்கு அம்மொழியின் மெய்யியலாளர் வழங்கிய ‘அபோரியா’ என்னும் பெயர் அதன் எதிர்மறை. இலத்தீனில் துறைமுகமும் வாயிலும் இவ்வேரினாலேயே பெயர் பெற்றன.

கடத்தல் என்னும் இம்மூலப் பொருள் ஜேர்மன் மண்ணில் மிகத் தெளிவாகத் துலங்குவது ஊர்ப்பெயர்களிலேயாகும். பாலங்கள் அருகியிருந்த காலத்தில் ஆற்றை எவ்விடத்தில் இறங்கிக் கடக்கலாம் என்பதே பாதைகளின் போக்கையும் சந்தைகளின் இருப்பையும் தீர்மானித்தது. அத்தகைய ஆழங்குறைந்த கடவை ‘ஃபுர்ட்’ எனப்பட்டது. இதுவும் ‘ஃபாரென்’ என்பதன் உறவே. 794ஆம் ஆண்டின் ஆவணங்களிற் குறிக்கப்படும் பிராங்ஃபுர்ட், பிராங்கியர் ஆறு கடந்த துறை. எர்ஃபுர்ட், ஷ்வைன்ஃபுர்ட் முதலானவையும் அவ்வாறே. மைன் நதிக்கரையிலுள்ள ஓக்சன்ஃபுர்ட், இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட், கிரேக்கர் பெயரிட்ட பொஸ்போரஸ் என்னும் மூன்றும் எருது கடந்த துறை என்னும் ஒரே பொருளை ஒரே வேரினால் உணர்த்துதல் சொல்லாராய்ச்சி தரும் சிறிய இன்பங்களுள் ஒன்று. படகாற் கடக்குமிடத்துக்குரிய ‘ஃபேரெ’ என்னும் ஓடத்தின் பெயரும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே.

உடன்பிறந்த மொழிகளில் இவ்வினை அடைந்த கதியை ஒப்பு நோக்குதல் பயனுடையது. ஐஸ்லாந்திய மொழியில் ‘ஃபாரா’ என்பது இன்றும் போதல் என்னும் பொதுப்பொருளை இழக்கவில்லை. கடலோடும் கால்வாயோடும் வாழ்ந்த ஒல்லாந்தரின் மொழியில் ‘ஃபாரென்’ நீர்வழிச் செலவை மாத்திரம் குறிக்கலாயிற்று. நிலத்தில் வண்டியாற் செல்வதற்கு அவர்கள் வேறொரு வினையை வழங்குகின்றனர். ஆங்கிலத்திலோ ‘ஃபெயர்’ என்னும் வினை ஏறக்குறைய வழக்கொழிந்து, விடைபெறும் வேளையிற் கூறும் ‘ஃபெயர்வெல்’ என்பதிலும், பேருந்தில் நடத்துநர் கேட்கும் கட்டணத்தின் பெயரிலும் எஞ்சியது. பயணத்தைக் குறித்த சொல் அதற்காக இறுக்கும் பணத்தைக் குறிக்க வருதல் தமிழர்க்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. சான்றோர் செய்யுளிற் பயணத்தைச் சுட்டிய ‘செலவு’ இன்று கணக்கேட்டிலன்றோ இடம்பெறுகின்றது!

ஜேர்மன் மொழியில் வினையின் பொருள் சுருங்கியபோதும் அதன் வழிப் பிறந்த தொகைச் சொற்கள் பழம்பொருளைக் கைவிட்டில. கிறித்தவ யாத்திரை ‘வல்ஃபார்ட்’ எனப்படும்; யாத்திரிகர் காலால் நடந்தே சென்றனர். கிறித்து விண்ணேறிய திருநாள் ‘ஹிம்மெல்ஃபார்ட்’. அங்கே ஊர்தி எதுவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் லூதர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பிலே ஆன்மா உடலைவிட்டு நீங்குதலும், தீய ஆவிகள் பன்றிக்கூட்டத்துட் புகுதலும் இவ்வினையாலேயே சுட்டப்படுகின்றன. முன்னே சென்றவன் ‘ஃபோர்ஃபார்’, அதாவது மூதாதை. கூடச் செல்பவன் ‘கெஃபேர்ட்டெ’, அதாவது தோழன். நன்றாகச் செல்லும் நிலை ‘வோல்ஃபார்ட்’, அதாவது பொதுநலம். உயர்ந்தோர்க்குரிய நடை என முன்னர் மதிக்கப்பட்ட ‘ஹொஃபார்ட்’ காலப்போக்கிற் செருக்கு எனப் பொருள்பட்டு இழிவடைந்தது. ‘ஃபெர்ட்டிஹ்’ என்பதன் கதை இன்னும் விசித்திரமானது. பயணத்துக்கு ஆயத்தமானவனைக் குறித்த அச்சொல், இன்று ஒரு வேலை முடிந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கப் பயன்படுகின்றது. தொடக்கத்தின் சொல் முடிவின் சொல்லாயிற்று.

இவற்றோடு ‘கெஃபார்’ என்னும் சொல்லையும் சேர்த்து, ஆபத்து என்னும் பொருள் பயணத்தின் இன்னலினின்று பிறந்தது எனச் சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிதாயினும் இது நேரடியாகப் பொருந்தாது. அச்சொல் பதிவிருத்தலையும் வஞ்சனையையும் குறித்த பிறிதொரு பெயரின் வழிவந்தது. மூலமொழியின் ஆழத்தில் இரண்டும் ஒன்றாகலாம் என அறிஞர் பலர் கருதுவர் என்ற அளவில் அமைதலே தக்கது.

மத்திய கால ஜேர்மன் சமூகத்தில் நிலமே மனிதனின் உரிமைக்கும் மானத்துக்கும் அடிப்படையாக விளங்கியது. எவ்வூரான், எப்பிரபுவுக்கு உரியவன், எந்நீதிமன்றுக்கு உட்பட்டவன் என்னும் வினாக்களுக்கு விடையில்லாதவன் சட்டத்தின் கண்ணில் முழு மனிதனல்லன். இவ்வகையினர் ‘ஃபாரெண்டெ’, அதாவது செல்வோர், அலைவோர் எனப்பட்டனர். இசைவாணர், கூத்தர், வித்தை காட்டுவோர், சாணை பிடிப்போர், மடம் மடமாகத் திரிந்த மாணவர் ஆகியோர் அனைவரும் இப்பெயருள் அடங்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்க என்பார் தொகுத்த ‘சாக்சன் கண்ணாடி’ என்னும் சட்ட நூல், தீங்கு செய்யப்பட்டோர்க்கு வழங்கவேண்டிய ஈட்டுத்தொகைகளைத் தகுதி நோக்கி வரிசைப்படுத்துகின்றது. அதில் இசைவாணர் முதலியோர்க்கு விதிக்கப்பட்ட ஈடு ஒரு மனிதனின் நிழலாகும். தன்னை அடித்தவனது நிழலைத் திரும்ப அடிக்கலாம் என்பதே அதன் கருத்து. சட்டம் அவர்களை முற்றாகப் புறக்கணித்திருப்பின் இத்துணை இழிவு நேர்ந்திராது. நினைவுகூர்ந்து, இடம் ஒதுக்கி, நிழலை நீட்டிற்று. அக்காலச் சட்டமொழியில் நிலமல்லாத, எடுத்துச் செல்லத்தக்க உடைமையும் ‘ஃபாரென்’ அடியாகவே பெயர் பெற்றது. 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிற்சர்லாந்தின் குடியியற் சட்டக்கோவையில் அசையும் சொத்து இன்றும் ‘ஃபார்னிஸ்’ என்றே வழங்கப்படுகின்றது. பொருளாயினும் மனிதராயினும் நிலத்தில் வேரூன்றாதவை அனைத்தும் ஒரு வினையின் கீழ்த் திரட்டப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அதே காலப்பகுதியில் இதே வினை மற்றுமொரு திசையிலும் வளர்ந்தது. ‘எர்’ என்னும் முன்னொட்டு ஒரு செயலை இறுதிவரை செய்து பயன் எய்துதலை உணர்த்துவது. அது சேர்ந்த ‘எர்ஃபாரென்’ என்பது முதலில் ஒரு நாட்டை ஊடறுத்துச் சென்று முடித்தலையும், சென்று அடைதலையும் குறித்தது. பின்னர் அவ்வாறு சென்று அறிந்துகொள்ளுதலைக் குறித்தது. அதன் பெயர் வடிவமாகிய ‘எர்ஃபாருங்’ இன்று அனுபவம் என்பதற்குரிய பொதுச்சொல். தமிழில் ‘பட்டறிவு’ என்னும்போது அறிவு துன்புற்றுப் பெறப்படுகின்றது. ஜேர்மன் மொழியில் அது நடந்து பெறப்படுகின்றது.

இவ்விரு திசைகளும் ஒரே மனிதரிடத்து நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மருத்துவரான பரசெல்சுஸ் (இறப்பு 1541) ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஓயாது அலைந்தவர். ஓரிடத்தில் நிலைத்திராத அவரை எதிரிகள் நாடோடி எனப் பழித்தனர். 1538இல் அவர் எழுதிய ஏழு தற்காப்புரைகளுள் நான்காவது, இக்குற்றச்சாட்டுக்கு, அதாவது தமது ‘லண்ட்ஃபாரென்’ என்னும் நாடலைதலுக்கு, விடை கூறுவதாகும். நோய்கள் தாமே நாடுதோறும் வேறுபட்டு நிற்க, மருத்துவன் அடுப்பங்கரையில் அமர்ந்து அவற்றை அறியமுடியாது என்பது அவரது வாதத்தின் சாரம். பழிச்சொல்லை மறுக்காமல் அதனையே தம் தகுதிச் சான்றாக அவர் காட்டினார். அவ்வாதம் வெற்றி பெற்றதா என்பது வேறு வினா. ‘எர்ஃபாருங்’ அறிஞரின் மாளிகையிற் புகுந்தது. ‘லண்ட்ஃபாரர்’ வாயிலிலேயே நிறுத்தப்பட்டான். 1781இல் வெளிவந்த ‘தூய அறிவின் விமரிசனம்’ என்னும் நூலில் கான்ட் ‘எர்ஃபாருங்’ என்னும் கருத்தையே ஆராய்ச்சியின் அச்சாணியாகக் கொண்டார். அம்மெய்யியலாளர் கிழக்குப் பிரஷ்யாவை விட்டு வாழ்நாளில் ஒருபோதும் வெளியே சென்றதில்லை. அச்சொல் தன் கால்களைத் துறந்துவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வினையின் பொருள் ஊர்தியோடு ஒட்டிய வரலாறு நீரிலே தொடங்குவது. ஊர்தி என இன்று பொருள்படும் ‘ஃபார்ட்சொய்க்’ என்னும் சொல் வடபுலத்துக் கடலோர மொழிகளினின்றும் பெறப்பட்டது. முதலிற் கப்பலையும் படகையுமே குறித்தது. வண்டிச் சாலைகளும் அஞ்சல் வண்டிகளும் பெருகவே நடத்தல் ‘கேயென்’ வசமும், ஏறிச் செல்லல் ‘ஃபாரென்’ வசமுமாகப் பிரிந்தன. 1835 டிசெம்பர் 7ஆம் திகதி நியூரம்பேர்க்கிலிருந்து ஜேர்மனியின் முதலாவது நீராவிப் புகையிரதம் புறப்பட்டது. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றருக்கு அப்பால் அது சென்றடைந்த ஊர் ஃபியூர்த், அதாவது ஆற்றுக் கடவை என்னும் பெயருடையது. புதிய ‘ஃபாரென்’ பழைய ‘ஃபாரென்’ இருந்த இடத்துக்கே சென்று நின்றது.

1871இற் பேரரசு அமைந்தபின் எழுந்த மொழித்தூய்மை இயக்கம் இவ்வினைக்குப் புதிய பலத்தை அளித்தது. பிரஷ்யக் கட்டடப் பணித்துறை அதிகாரியான ஒட்டோ சரத்சின் புகையிரதச் சேவையில் வழங்கிய பிரெஞ்சுச் சொற்களைக் களைந்தார். ‘பில்யெற்’ மறைந்து ‘ஃபார்கார்ட்டெ’ எனும் பயணச்சீட்டு வந்தது. ஜேர்மன் பேசும் சுவிற்சர்லாந்தினர் இவ்வாணைக்கு உட்படாதவராதலின் பழைய பிரெஞ்சுச் சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். 1886 சனவரி 29ஆம் திகதி கார்ல் பென்ஸ் தம் மூன்று சில்லு வண்டிக்கு விண்ணப்பித்த காப்புரிமையின் தலைப்பு, வாயு இயந்திரத்தால் இயங்கும் ‘ஃபார்ட்சொய்க்’ என்பதாகும். படகின் பெயர் மோட்டார் வண்டியின் மேல் ஏறிற்று. இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘ஃபாரென்’ பொறிகளின் வினையாகிவிட்டது. பழைய பொதுப்பொருள் முற்றாக ஒழிந்ததெனக் கூறவியலாது. அச்சம் உடலுள் ‘ஃபாரென்’ செய்கின்றது. சினமுற்றவன் தன் தோலைவிட்டு வெளியே ‘ஃபாரென்’ செய்கின்றான். அல்ப்ஸ் மலைவாழ் இடையர் மந்தையை நடத்திக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஏறுவதை இன்றும் ‘அல்ப்ஃபார்ட்’ என்பர்.

செல்லுதல் என்னும் தன்வினைக்குச் செலுத்துதல் என்னும் பிறவினை இருத்தல் இயல்பே. ‘ஃபரன்’ என்பதன் பிறவினை வடிவம் இன்று ‘ஃபூரென்’ என வழங்குகின்றது. பிறரைச் செல்லச் செய்தல், நடத்துதல், வழிகாட்டுதல் என்பன அதன் பொருள். அவ்வாறு செய்பவன் ‘ஃபூரர்’. மலையேறுவோர்க்கு வழிகாட்டுபவனும், புகையிரத எஞ்சினைச் செலுத்துபவனும், சுற்றுலாக் கைந்நூலும் இப்பெயராற் சுட்டப்பட்டன. 1933 முதல் 1945 வரை ஆட்சி புரிந்தவன் அதனைத் தன் பதவிப் பெயராக்கிக்கொண்டபின் அச்சொல் தனித்து நிற்க இயலாததாயிற்று. எனினும் சாரதி அனுமதிப்பத்திரம் இன்றும் ‘ஃபூரர்ஷைன்’ என்றே அழைக்கப்படுகின்றது. தொகைச்சொற்கள் தம் மூலத்தின் பாவங்களை எளிதில் மறந்துவிடுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினையின் பழம்பொருள் எதிர்பாராத இடத்திலே புத்துயிர் பெற்றது. 1901இல் பேர்லினின் புறநகரான ஷ்டெக்லிட்சில் உயர்தர பாடசாலை மாணவர் ‘வாண்டர்ஃபோகெல்’ என்னும் இயக்கத்தை அமைத்தனர். தோளிற் பையுடன் காடும் மலையும் நடந்து திரிந்த இவ்விளைஞர் தம் நடைப்பயணத்தை ‘ஃபார்ட்’ என்றே வழங்கினர். மத்திய கால அலைமாணவரின் பட்டப்பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். நகரத்து நடுத்தர வகுப்பினரின் பிள்ளைகளுக்கு அலைந்து திரிதல் இலட்சியமாகத் தோன்றிய அதே ஆண்டுகளில், மெய்யாகவே அலைந்து வாழ்ந்தோர்க்கு நேர்ந்தது யாது? 1899இல் மியூனிச் பொலிசார் சின்ட்டி, ரோமா மக்களைக் கண்காணித்துப் பதிவு செய்யத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவியிருந்தனர். 1926 யூலையிற் பவேரிய அரசு இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே ‘லண்ட்ஃபாரர்’ என்னும் சொல், ‘ஜிப்சிகள்’ என்பதற்கும் ‘வேலைக்கு அஞ்சுவோர்’ என்பதற்கும் இடையில் வைக்கப்பட்டது. பொலிஸ் அனுமதியின்றி வண்டிகளுடன் அலைதல் தடைசெய்யப்பட்டது. ஒழுங்கான தொழிலுண்டு என நிறுவ இயலாத பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுவரை தொழில் விடுதிகளில் அடைக்கப்படலாயினர். பரசெல்சுஸ் தமக்குரிய பெருமையாகக் கூறிய சொல் சட்ட வகையாயிற்று.

நாசி ஆட்சி இவ்வகையை இனக்கொள்கையோடு இணைத்தது. 1939 ஒக்டோபரிற் பிறப்பிக்கப்பட்ட ஆணை சின்ட்டி, ரோமா மக்கள் தாம் அப்போது இருந்த இடத்தைவிட்டு நீங்கலாகாது எனத் தடுத்தது. அவர்களுட் பலர் தலைமுறை தலைமுறையாக வீடுகளில் வாழ்ந்து தொழில் செய்தோர் என்பது பொருட்படுத்தப்படவில்லை. அலைவோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் அசையாதிருக்கப் பணிக்கப்பட்டனர். பின்னர், 1942 டிசெம்பர் ஆணையின்படி, 1943 பெப்ரவரி முதல் புகையிரதங்களில் ஏற்றி அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். யூத மக்களைக் கொலைமுகாம்களுக்குக் கொண்டுசென்ற வண்டிகளுக்கும் முறையான கால அட்டவணை ஆணைகள் இருந்தன. அவ்வாணைகளின் பெயர் ‘ஃபார்ப்ளான்’ என்னும் வழமையான சொல்லைக் கொண்டே அமைந்தது. ஜேர்மன் அரச புகையிரத நிறுவனம் அப்பயணங்களுக்கு மூன்றாம் வகுப்பு ஒருவழிக் கட்டணத்தைக் கணக்கிட்டது. நானூறு பேருக்கு மேற்பட்ட குழுவாயின் பாதிக் கட்டணம். பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்க்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம். விடுமுறைச் சுற்றுலாவுக்குரிய விதிகள் சொல் மாறாது இங்கும் பயன்பட்டன. வரலாற்றறிஞர் ராவுல் ஹில்பேர்க் இவ்வாவணங்களை ஆராய்ந்தபோது அவர் கவனத்தை ஈர்த்தது அவற்றின் சாதாரணத் தன்மையே. கொல்லுதலைக் குறிக்கும் சொல் அவற்றில் இல்லை. போதலைக் குறிக்கும் சொல்லே உண்டு.

1945இன் பின்னரும் ‘லண்ட்ஃபாரர்’ ஒழிந்துவிடவில்லை. ‘ஜிப்சி’ என்னும் சொல்லை வெளிப்படையாக எழுதுதல் தகாதெனக் கருதப்பட்டமையால், அதற்குப் பதிலாக அச்சொல்லே அலுவலக மொழியில் மேலும் வேரூன்றிற்று. 1953இற் பவேரியா மீண்டும் ஒரு ‘லண்ட்ஃபாரர்’ ஒழுங்குவிதியைக் கொணர்ந்து 1970 வரை வைத்திருந்தது. நாசிகள் செய்தது இனப்படுகொலை என மேற்கு ஜேர்மன் அரசு ஏற்றுக்கொண்டது 1982இலேயே. பெயரை மாற்றிப் பதிவேட்டைத் தொடர்ந்தமையே இவ்விடைக்கால வரலாறு எனல் மிகையாகாது.

போரில் ஈடுபடாத சுவிற்சர்லாந்திலும் இச்சொற்குடும்பத்துக்கு ஒரு கதையுண்டு. அந்நாட்டில் யெனிஷ் எனப்படும் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். கூடை முடைதல், சாணை பிடித்தல், பழம்பொருள் வாணிகம் என்பன அவர்களது மரபுத் தொழில்கள். சிறுவர் நலன் பேண அமைந்த ‘ப்ரோ யுவெந்தூத்தெ’ என்னும் நிறுவனம் 1926இல் தொடங்கிய திட்டமொன்றின் கீழ், 1973 வரை ஏறத்தாழ அறுநூறு யெனிஷ் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்பு இல்லங்களிலும் விடுதிகளிலும் சேர்க்கப்பட்டனர். அலையும் வாழ்வைத் தலைமுறை ஒன்றில் அறுத்துவிடுவதே அதன் நோக்கம். 1972இற் சஞ்சிகை ஒன்று உண்மைகளை வெளியிட்டபின்னரே அது நிறுத்தப்பட்டது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளுட் பலர் தம் தாய்மாரை நடுவயதிலேயே முதன்முதலாகத் தேடிக் கண்டனர். 1986இல் கூட்டாட்சித் தலைவர் அல்ஃபொன்ஸ் எக்லி அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2025இல் அரசு அச்செயல்களை மானிடத்துக்கு எதிரான குற்றம் என ஏற்றுக்கொண்டது.

இம்மக்களை அரசு நெடுங்காலமாக ‘ஃபாரெண்டெ’ என்றே ஆவணங்களிற் குறித்துவந்தது. மத்திய காலத்தின் நிழல் பெற்றோர்க்குரிய அதே சொல் அது. இழிவு நோக்கமின்றி, நடுநிலையான பெயர் என்றே அது கருதப்பட்டது. ஆயின் சுவிற்சர்லாந்திலுள்ள ஏறத்தாழ 30,000 யெனிஷ் மக்களுள் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரையிலேயே இன்று வண்டிகளில் அலைந்து வாழ்கின்றனர். ஏனையோர் வீடுகளில் வாழ்பவர். மொழியும் மரபும் உறவும் கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தை ஒரு வினையெச்சத்தினுள் அடைத்து, செல்லாதவரையும் செல்வோர் என அழைத்த அப்பெயரைக் கைவிடுமாறு அவர்கள் வேண்டினர். 2016 செப்டெம்பரில் பேர்ண் நகரில் அவர்களது விழாவொன்றிற் பேசிய உள்நாட்டு அமைச்சர் அலென் பெர்சே, இனி அவர்கள் யெனிஷ் என்றும் சின்ட்டி என்றும் தாமே கூறும் பெயர்களாலேயே அழைக்கப்படுவர் என அறிவித்தார்.

இன்றும் அலைந்து வாழ்வோர் அரசிடம் கேட்பது வண்டிகளை நிறுத்துதற்கான நிலமாகும். நிருவாக மொழியில் அது இருவகைப்படும். குளிர்காலம் முழுவதும் தங்கியிருத்தற்குரியது ‘ஷ்டாண்ட்ப்ளாட்ஸ்’. கோடையிற் சில நாட்கள் தங்கிச் செல்லுதற்குரியது ‘டூர்ஹ்காங்ஸ்ப்ளாட்ஸ்’. முன்னையது நிற்றல் என்னும் வினையினின்றும், பின்னையது ‘கேயென்’ என்பதினின்றும் ஆக்கப்பட்டவை. இரண்டும் போதிய எண்ணிக்கையில் இல்லை.